பதில் விலை

பீர் முகமதுவிடம் நீதிமன்றம் கண்ட குறை ஒன்றுதான். அவர் பதில் விலை சொல்லவில்லை.

திண்டுக்கல் பேகம்பூரில் அவருக்கு ஒரு சிறிய பட்டறை இருந்தது. தோட்டத்து மோட்டாரை வீட்டிலிருந்தபடியே போடவும் நிறுத்தவும் உதவும் பெட்டியை அங்கே செய்தார்கள். ஊரில் அதற்கு செல் ஸ்டார்ட்டர் என்று பெயர். பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு இருக்கும். விவசாயி தன் போனிலிருந்து அந்த எண்ணைக் கூப்பிட்டால் கிணற்றில் மோட்டார் ஓடத் தொடங்கும். மும்முனை மின்சாரம் முறை வைத்து வருகிற கிராமங்களில், முறை இரவில் வந்தால் யாராவது ஒருவர் டார்ச்சோடு வரப்பில் நடக்க வேண்டும். பாம்புக்கும் சேற்றுக்கும் பயந்து நடக்கிற அந்த நடையைப் பெட்டி மிச்சப்படுத்தியது. அதை வடிவமைத்தவள் அவருடைய மகள் அஃப்சானா. மதுரையில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். பற்றவைக்கவும் பெட்டி கோக்கவும் பெண்கள் சிலர் வேலைக்கு இருந்தார்கள். அவர்களில் மூத்தவள் புஷ்பமேரி.

முதலில் செய்த பெட்டிகள் 2ஜியில் ஓடின. கோபுரங்கள் மாற மாற அவை ஒவ்வொன்றாகத் தோட்டத்திலேயே ஊமையாகிப் போயின. அஃப்சானா இரண்டு வருடம் உட்கார்ந்து 4ஜி பெட்டியை உருவாக்கினாள். கோபுரத்தோடு பேசுகிற சிறிய தகட்டை மட்டும் அவளால் செய்ய முடியாது. அதைச் சென்னையில் ஒரு மொத்த வியாபாரியிடம் வாங்கினார்கள். ரசீதோடு, வரி கட்டி, நேர்வழியில் வாங்கிய பொருள். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டியிருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது.

பிறகு ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் வக்கீல்களிடமிருந்து கடிதம் வந்தது. 4ஜி என்பது எல்லாக் கருவிகளும் ஒரே மாதிரி பேச வேண்டும் என்பதற்காக உலகம் ஒப்புக்கொண்ட ஒரு விதிமுறை. அந்த விதிமுறைக்குள் பல பேருடைய கண்டுபிடிப்புகள் அடங்கியிருக்கின்றன. அவற்றில் சிலவற்றின் காப்புரிமையை அந்த நிறுவனம் விலைக்கு வாங்கி வைத்திருந்தது. அவற்றைத் தொடாமல் யாராலும் 4ஜி பெட்டி செய்ய முடியாது. அதனால்தான், கேட்கிற எல்லோருக்கும் நியாயமான விலையில் உரிமம் கொடுப்போம் என்று காப்புரிமைக்காரர்கள் முன்கூட்டியே உறுதி தந்திருந்தார்கள். நியாயமான விலை எது என்று மட்டும் எங்கும் எழுதி வைக்கவில்லை. கடிதத்தில் அவர்கள் கேட்டது தகட்டின் விலையில் ஒரு பங்கு அல்ல. பெட்டி முழுவதின் விலையில் ஒரு பங்கு. அதைக் கொடுத்தால் பெட்டியை விவசாயி வாங்குகிற விலைக்குச் செய்ய முடியாது.

பீர் முகமது கடிதத்தை மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். அவர் கோபப்படவில்லை. மற்றவனுக்குச் சேர வேண்டிய ஹக்கைத் தின்றுவிட்டுத் தொழுகைக்குப் போய் நிற்க முடியாது, அவர்களுக்குப் பாத்தியதை இருந்தால் கொடுக்கத்தான் வேண்டும் என்றார். விலைதான் அதிகம். அதைப் பேசிக்கொள்ளலாம் என்றார்.

ஆனால் அவர் பேசத் தெரிந்துகொண்ட இடம் தோல் மண்டி. பட்டறை தொடங்குவதற்கு முன் இருபத்தைந்து வருடம் அங்கேதான் இருந்தார். மண்டியில் விலையை வாயால் சொல்வதில்லை. விற்கிறவரும் வாங்குகிறவரும் துண்டுக்கடியில் கையைக் கோத்துக்கொண்டு விரலால் பேசுவார்கள். விலை மிக அதிகமாக இருந்தால் வாங்குகிறவர் கையை உருவ மாட்டார். அது பகை. குறைத்தும் அழுத்த மாட்டார். பெரிய விலைக்கு எதிரே சின்ன விலை சொல்வது சரக்கைப் பழிப்பது போல. அவர் கையை அசையாமல் அப்படியே வைத்திருப்பார். 'நான் போகவில்லை, இங்கேதான் இருக்கிறேன், நீங்கள் இறங்கி வாருங்கள்' என்று அதற்கு அர்த்தம். மண்டியில் அதைவிட மரியாதையான பதில் கிடையாது.

அதைத்தான் அவர் செய்தார். அவர்களிடமிருந்து கடிதம் வரும்போதெல்லாம், தங்கள் கடிதம் கிடைத்தது, தங்கள் நலத்துக்கு துஆ செய்கிறோம் என்று இரண்டு வரி எழுதச் சொல்லி அனுப்பினார். விலையைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. ஒரு தொகையை நாமாக எழுதிவிடலாம் என்று அஃப்சானா இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். 'அவசரப்பட்டா அவங்க மனசு சங்கடப்படும்மா' என்று அவர் மறுத்துவிட்டார். ஒரு வருடம் இப்படிப் போயிற்று. அவர்கள் இறங்கி வருவார்கள் என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

அவர்கள் டெல்லியில் வழக்குப் போட்டார்கள். பெட்டி செய்கிற பல கம்பெனிகளை ஒரே மூச்சில் இழுத்திருந்தார்கள். பெரியவர்கள் பணம் கட்டி ஒதுங்கிவிட்டார்கள். கடைசியில் மிஞ்சியது பேகம்பூர் பட்டறை.

அவர்களுக்காக வாதாடியவர் கிளெமென்ட், திண்டுக்கல்லில் பிறந்து சென்னையில் தொழில் செய்கிற வக்கீல். தெரிந்த குடும்பம் என்று கட்டணத்தைக் கேட்காமலேயே வழக்கை எடுத்தவர். சட்டம் என்ன சொல்கிறது என்று அவர்தான் விளக்கினார். உரிமம் வாங்க உண்மையாகவே விருப்பமுள்ளவன், கேட்ட விலை கட்டாது என்றால் உடனே தன் விலையைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் நாளைக் கடத்துகிறவனை விருப்பமில்லாதவன் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். பீர் முகமது எழுதிய இரண்டு வரிக் கடிதங்கள் எல்லாவற்றையும் எதிர்த்தரப்பு வரிசையாக அடுக்கி, இவர் எங்களோடு விளையாடினார் என்று வாதிட்டது. மண்டி வழக்கத்தை கிளெமென்ட் எடுத்துச் சொன்னபோது நீதிபதி பொறுமையாகத்தான் கேட்டாராம். கேட்டுவிட்டு, இது மண்டி அல்லவே என்றாராம்.

மற்ற கம்பெனிகள் என்ன விலைக்கு ஒப்புக்கொண்டன என்று தெரிந்தால் நாமும் ஒன்றைச் சொல்லலாமே என்று பீர் முகமது போனில் கேட்டார். அந்த ஒப்பந்தங்கள் மூடிய உறையில் இருக்கின்றன, வக்கீல்கள் மட்டும்தான் பார்க்கலாம் என்றார் கிளெமென்ட்.

"நீங்க பாத்தீங்களாப்பா?"

"பாத்தேன் பாய். உங்ககிட்ட சொல்லக்கூடாது. எழுதிக் குடுத்திருக்கேன்."

"பேசுற விலை என்னோடது. துண்டுக்குள்ள கை மட்டும் என்னோடது இல்லயா?" என்றார் பீர் முகமது. பிறகு, "சொல்லாதீங்க. எழுதிக் குடுத்தா குடுத்ததுதான்" என்று அவரே முடித்தார்.

இடைக்கால உத்தரவு ரமலான் பிறந்து ஒரு வாரத்தில் வந்தது. வழக்கு முடிகிறவரை ஒரு தொகையை நீதிமன்றத்தில் கட்டினால் வேலையைத் தொடரலாம். கட்டாவிட்டால் 4ஜி பெட்டிகளைச் செய்யவோ, விற்கவோ, அந்தத் தகடுகளைப் பொருத்திப் பழுது பார்க்கவோ கூடாது. இருக்கிற சரக்கையெல்லாம் நீதிமன்றம் அனுப்புகிற ஓர் ஆணையர் வந்து எண்ணி முத்திரை வைப்பார். பட்டறையையும் வீட்டையும் சேர்த்து விற்றாலும் அந்தத் தொகை வராது. அந்தப் பேச்சை யாரும் எடுக்கவே இல்லை.

ஆணையர் வருவதற்கு முந்தின நாள், அஸர் தொழுதுவிட்டு வந்த அத்தாவிடம் அஃப்சானா ஒன்று சொன்னாள். புஷ்பமேரி வீட்டில் நாற்பது தகடுகள் இருந்தன. மகனுக்கு உடம்பு சரியில்லாததால் புஷ்பமேரி கொஞ்ச நாளாக வேலையை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செய்து வந்தாள். அந்தத் தகடுகள் பட்டறையின் எந்தக் கணக்கிலும் இல்லை. அவற்றைப் பற்றி வாயைத் திறக்க வேண்டாம் என்றாள் அஃப்சானா. விற்பதற்கு இல்லை. இந்தக் கோடையில் பழுதாகிற பெட்டிகளுக்கு மாற்றிக் கொடுக்க. ஏற்கெனவே ஒன்று வந்துவிட்டது. சேவுகம்பட்டி ஆண்டிச்சாமியின் பெட்டி, இடி விழுந்து தகடு கருகியது. சர்க்கரை வியாதியால் ஒரு காலில் விரல்களை எடுத்துவிட்ட மனிதர். சம்பங்கி போட்டிருக்கிறார். அவரால் வரப்பில் நடக்க முடியாது.

பீர் முகமது கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. சரி என்றுதான் அஃப்சானா நினைத்தாள்.

மறுநாள் காலையில் ஆணையர் வந்தார். ஜீவிதா என்கிற இளம் வக்கீல். டெல்லியில் தொழில் செய்தாலும் தமிழ்ப் பெண் என்பதால் அனுப்பியிருந்தார்கள். வாசலில் தயங்கி நின்று, நீதிமன்றத்தின் உத்தரவைக் காட்டி, உள்ளே வரலாமா என்று கேட்டார். வழக்கில் சம்பந்தப்பட்டவர்களிடம் தண்ணீர்கூட வாங்கக் கூடாது போலிருக்கிறது. பீர் முகமது மோர் கொண்டுவரச் சொன்னபோது நன்றி சொல்லி மறுத்துவிட்டார். 'நாற்காலியையாவது காத்தாடிக்குக் கீழே போடுங்கள், அதற்குச் சட்டம் ஒன்றும் சொல்லாது' என்றார் பீர் முகமது. ஜீவிதா சிரித்துவிட்டு அங்கே உட்கார்ந்தார்.

மத்தியானம் வரை எண்ணினார்கள். தங்களுக்கு வேலை போகப்போகிறது என்று தெரிந்த பெண்களே பெட்டிகளை எடுத்து வந்து அடுக்கினார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஜீவிதா தனியாக வெயிலில் ஓட்டல் தேடிக் கிளம்பியபோது, புஷ்பமேரி குடையை எடுத்துக்கொண்டு வழிகாட்டப் போனாள். குடை வாங்கினால் தப்பா என்று கேட்டாளாம். தப்பில்லை என்றாராம் ஜீவிதா. திரும்பி வந்து அரக்கு வைக்கத் தொடங்கினார்கள். காற்றில் மெழுகுவர்த்தி அணைந்து அணைந்து போனது. புஷ்பமேரி உள்ளங்கையைக் குவித்து அதை மறைத்துப் பிடித்துக்கொண்டாள்.

மேசையின் ஓரத்தில் ஆண்டிச்சாமியின் கருகிய பெட்டி இருந்தது. பெயர் எழுதிய துண்டுக் காகிதம் அதில் ஒட்டியிருந்தது. ஜீவிதா அதைப் புரட்டிப் பார்த்தார்.

"இது உங்க சரக்கு இல்லையே. வித்த பொருள்தானே?"

ஆமாம், ரிப்பேருக்கு வந்தது என்றாள் அஃப்சானா.

"அப்ப இது என் கணக்குல வராது. எடுத்து வச்சுக்குங்க" என்று அவரே அதைத் தனியாக நகர்த்தி வைத்தார். அந்தப் பெண்ணால் அன்றைக்குச் செய்ய முடிந்த நல்லது அதுதான். மனசார அதைச் செய்தார். புதுத் தகடு இல்லாமல் அந்தப் பெட்டியால் பயன் இல்லை என்பது அவருக்குத் தோன்றவில்லை.

கடைசிப் பெட்டிக்கும் முத்திரை வைத்தாயிற்று. ஜீவிதா பேனாவை மூடாமல் நிமிர்ந்தார்.

"கேக்க வேண்டியது ஒண்ணு இருக்கு ஐயா. வேற எங்கயாவது சரக்கு இருக்கா? கோடவுன், ஆள்கள் வீடு, எங்கயாவது?"

புஷ்பமேரி மெழுகுவர்த்தியை இன்னும் கையில் பிடித்திருந்தாள். அவள் யாரையும் பார்க்கவில்லை. அஃப்சானா அத்தாவைப் பார்த்தாள்.

"இருக்கு" என்றார் பீர் முகமது. "இந்தம்மா வீட்டுல. நாப்பது தகடு. நான்தான் குடுத்து வச்சேன். அவங்க மேல தப்பு வராம எழுதிக்கங்கம்மா."

முத்தழகுபட்டியில் புஷ்பமேரியின் வீடு ஒரே அறை. மாதா படத்துக்குக் கீழே இருந்த மரப்பெட்டியில், தகடுகளைப் பழைய சேலைத் துணியில் பத்துப் பத்தாகப் பொதிந்து வைத்திருந்தாள். பாதிக்கு மேல் பற்றவைத்து முடித்திருந்தது. மகன் கட்டிலில் படுத்திருந்தான். ஜீவிதா செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்து, தூங்குகிறவன் எழுந்துவிடாமல் மெதுவாக எண்ணினார். பட்டறைக்குத் திரும்பி, அந்த மூட்டைக்கும் முத்திரை வைத்து, மற்றவற்றோடு உள்ளறையில் வைத்துப் பூட்டினார்கள். சரக்கைப் பத்திரமாகக் காக்கிற பொறுப்பு பீர் முகமதுவுடையதே என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். அவருடைய பொருள், அவருடைய அறை, சாவியும் அவரிடம்தான். தொட மட்டும் கூடாது.

எல்லோரும் போன பிறகு அஃப்சானா பேசினாள்.

"நேத்தே சொன்னேனேத்தா."

"சொன்ன. நான் சரின்னு சொல்லலையேம்மா."

அது உண்மைதான். அவர் பேசாமல் இருந்தால் அதற்குச் சம்மதம் என்று பொருளில்லை என்பது இந்த உலகத்தில் தெரிந்திருக்க வேண்டியவள் அவள்தான். அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

"நாப்பது பேரோட தண்ணி அது. அந்தப் பொண்ணுக்குத் தெரியவா போகுது? டெல்லில இருக்கிறவனுக்குத் தெரியவா போகுது?"

"தெரியாதுதான்."

"பெறகு யாருக்காகச் சொன்னீங்க?"

பீர் முகமது சாவியை மேசை மேல் வைத்தார்.

"ஒரு வருசம் நான் நேர்மையாத்தான் நின்னேன். அதை ஏமாத்துன்னு சொல்லிட்டாங்க. சொல்லிட்டுப் போகட்டும். இன்னைக்குப் பொய் சொல்லிருந்தா, அவங்க சொன்னது நெசமாயிருக்கும்லம்மா."

அஃப்சானா ஆண்டிச்சாமியின் பெட்டியை ஒரு பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தாள். வெயிலில் நோன்போடு அவ்வளவு தூரம் போக வேண்டாம், நாளைக்குப் போகலாம் என்று அவர் சொன்னதைக் காதில் வாங்காமல் கிளம்பினாள்.

செம்பட்டி தாண்டி, வத்தலக்குண்டு வந்து, சேவுகம்பட்டியைத் தொட்டபோது வெயில் தாழ்ந்திருந்தது. ஆண்டிச்சாமியின் வீடு தோட்டத்தின் ஒரு மூலையில் இருந்தது. கிணறு அடுத்த மூலையில். அவர் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி சுந்தரம்மாள் எதிரே ஓடி வந்து பையை வாங்கிக்கொண்டாள்.

"சரியாப் போச்சா தாயி?"

மோட்டாரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொல்லி, அஃப்சானா கிணற்றடிக்கு நடந்தாள். சுந்தரம்மாளும் கூடவே வந்தாள். சம்பங்கிப் பாத்திகள் வெடித்துக் கிடந்தன. இரவு முறை வந்த நாட்களில் பக்கத்துத் தோட்டத்து நல்லுசாமி தன் மோட்டாரைப் போட வரும்போது ஒயர்களை நேராகச் சேர்த்து இதையும் போட்டுவிட்டுப் போனதாகச் சுந்தரம்மாள் சொன்னாள். 'அவுகளும் எத்தனை நாளைக்குத்தான் செய்வாக? இந்த வாரம் அவுக மக பிரசவத்துக்குப் பழனி போய்ட்டாக' என்றாள்.

கொட்டகைச் சுவரில் பழைய ஸ்டார்ட்டர் பெட்டி இன்னும் இருந்தது. கையால் அழுத்துகிற, பச்சையும் சிவப்புமாக இரண்டு பொத்தான்கள் உள்ள பெட்டி. அதற்கு எந்தக் கோபுரமும் வேண்டாம், யாருடைய உரிமமும் வேண்டாம். அஃப்சானா துருவைச் சுரண்டி, ஒயர்களை அதற்கே திருப்பி மாட்டினாள். பச்சையை அழுத்தினாள். மோட்டார் முனகியது. பிறகு குழாய் இருமி இருமித் தண்ணீரைத் துப்பியது.

தண்ணீர் முதல் பாத்தியைக்கூட நிறைக்கவில்லை. மின்சாரம் போய்விட்டது. இனி ராத்திரி பதினோரு மணிக்கு மேல்தான் வருமாம்.

சுந்தரம்மாள் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நோன்பா தாயி? எப்பத் தொறப்பீக?"

இங்கே பள்ளிவாசல் பாங்கு கேட்காது. அஃப்சானா போனை எடுத்து நேரத்தைக் காட்டினாள். இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. சுந்தரம்மாள் வீட்டுக்குப் போய் ஒரு சொம்பில் தண்ணீரும் இரண்டு வாழைப்பழமும் கொண்டுவந்தாள். ஆண்டிச்சாமிக்காக அடுப்பில் காப்பி கொதித்துக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளை நோன்பு திறந்து குடிக்கட்டும், நான் பிறகு குடித்துக்கொள்கிறேன் என்று அவர் சொல்லிவிட்டாராம். சர்க்கரை வியாதிக்காரர் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்று அஃப்சானா சொல்லிப் பார்த்தாள். அதற்குள் அவரே ஒரு கம்பை ஊன்றி, ஒரு காலை இழுத்து இழுத்து, வரப்பின் பாதி வரை வந்துவிட்டார். அதற்கு மேல் வர முடியாமல் அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் அவரிடம் போனார்கள். போனில் நேரம் ஆகிறவரை மூவரும் காத்திருந்தார்கள். அஃப்சானா துஆ ஓதித் தண்ணீரைக் குடித்தாள்.

ஆண்டிச்சாமி அப்போதுதான் கேட்டார்.

"புதுத் தகடு எப்ப வரும் பாப்பா?"

சீக்கிரம் வந்துவிடும் என்று சொல்வது சுலபம். நாக்கின் நுனியில் இருந்தது. சொன்னால் அந்த மனிதர் இன்று நிம்மதியாகத் தூங்குவார். அடுத்த முறை போன் செய்வார், அதற்கும் ஏதாவது சொல்லலாம்.

"வராது மாமா" என்றாள். "கோர்ட்டுல தடை போட்டுட்டாங்க. பட்டறைய மூடியாச்சு. தகடு இருக்கு, தொடக்கூடாது. எப்பத் தீரும்னு தெரியல. தீராமயும் போகலாம்."

சொல்லி முடித்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. ஒரு சின்ன உண்மையைச் சொல்ல இவ்வளவு பலம் வேண்டியிருக்கிறது என்று அவளுக்கு அதுவரை தெரியாது. நோன்போடு மேசைக்கு முன்னால் நின்ற அத்தாவை நினைத்துக்கொண்டாள். கோபம் போகவில்லை. ஆனால் அதோடு வேறு ஒன்றும் சேர்ந்துகொண்டது.

ஆண்டிச்சாமி பாத்தியைப் பார்த்தார். சம்பங்கியை இந்தக் கோடைக்கு விட்டுவிட வேண்டியதுதான் என்று மனைவியிடம் மெல்லச் சொன்னார். பிறகு அவர் அஃப்சானாவின் பக்கம் திரும்பினார்.

"பாய் எப்படி இருக்காக? தெம்பா இருக்காகளா?"

தோட்டம் காய்கிற மனிதர் அதைக் கேட்டார். அஃப்சானா இருக்காங்க என்று தலையை மட்டும் அசைத்தாள். உலகத்தில் பெரியவர்கள் எழுதுகிற விதிமுறைகளில் இந்த மாதிரி ஒரு கேள்விக்கு இடமில்லை. அதைக் கேட்டதால் தகடு ஒன்றும் வந்துவிடப் போவதில்லை. பாத்தி நனையப் போவதும் இல்லை. ஆனாலும் அவர் அதைக் கேட்காமல் இருந்திருந்தால், அவள் அன்று எப்படித் திரும்பி வண்டி ஓட்டியிருப்பாளோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

கிளம்புகிற நேரத்தில் சுந்தரம்மாள் அவளை மறுபடியும் கொட்டகைக்குக் கூப்பிட்டாள். அவள் அந்தப் பெட்டியை ஒரு நாளும் தொட்டதில்லை. ஷாக் அடிக்கும் என்று பயம்.

"எதைப் போடணும், எதை நிப்பாட்டணும், ஒருக்கா காட்டிட்டுப் போ தாயி. இன்னைக்குப் பதினோரு மணிக்கு நான் வாரேன்."

அஃப்சானா காட்டினாள். பச்சை போட, சிவப்பு நிறுத்த. கை ஈரமாக இருக்கக் கூடாது. காலில் செருப்பு இருக்க வேண்டும். சுந்தரம்மாள் முந்தானையில் கையை அழுந்தத் துடைத்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, மின்சாரம் இல்லாத அந்தப் பெட்டியின் பச்சைப் பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. சரியாகத்தானே அழுத்தினேன் என்று கேட்டாள். சரிதான் என்றாள் அஃப்சானா. சுந்தரம்மாள் இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தாள்.